நிதானம் வேறு, மழுப்பல் வேறு

கேள்வி: அமெரிக்க நெடுந்தொடர்களின் கதைச்சுருக்கங்களை ஆங்கிலத்தில் படித்து வருகிறேன். சாத்தான் பிடித்ததையும் செத்தவர் திரும்பி வந்ததையும் நீதிமன்றத் தீர்ப்பு எழுதுவதுபோல உணர்ச்சியே இல்லாத நடையில் எழுதியிருக்கிறார்கள். கண்ணீரும் கதறலுமாக ஓடிய கதையை இப்படி ஈரமில்லாமல் சொல்வது ரசிகர்களை அவமதிப்பது ஆகாதா?

பதில்: ஆகாது. அந்த நடையைப் பற்றி எனக்கும் ஒரு குறை உண்டு. ஆனால் அது நீங்கள் சொல்லும் குறை அன்று.

அந்தச் சுருக்கங்கள் யாருக்காகத் தோன்றின என்பதை முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பகல்நேரத் தொடர்கள் வாரத்துக்கு ஐந்து நாள், ஆண்டுக்கு ஏறத்தாழ 250 பகுதிகள் என்ற கணக்கில் பல பத்தாண்டுகள் ஓடியவை. வீட்டில் பதிவுக்கருவி இல்லாத காலத்தில், தவறவிட்ட பகுதி போனது போனதுதான். 1975இல் 'சோப் ஓபரா டைஜெஸ்ட்' இதழ் தொடங்கியபோது, விட்டுப்போன நாள்களில் நடந்ததைச் சொல்வது அதன் முக்கியமான வேலைகளுள் ஒன்றாக இருந்தது. அதை வாங்கிய பெண்மணிக்கு அழுகை தேவைப்படவில்லை. அதை அவர் மறுநாள் திரையிலேயே பார்த்துக்கொள்வார். யார் யாரிடம் எதை மறைத்தார், யாருக்கு எது தெரியும், எது இன்னும் தெரியாது என்பதைத்தான் அவர் கேட்டார்.

இதற்கு நிதானமான மொழி எவ்வளவு தேவை என்பதற்கு 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' தொடரின் ரோமன் பிரேடி கதை ஒன்றே போதும். காவல்துறையைச் சேர்ந்த ரோமன் 1984இல் இறந்ததாகக் கருதப்பட்டார். 1986இல் முகம் முழுக்கக் கட்டுப்போட்ட, நினைவிழந்த ஒருவர் ஊருக்கு வந்து சேர்ந்தார். முகம் மாறிப்போன ரோமன் அவரே என்று அனைவரும் நம்பினார்கள். ரோமனின் மனைவியான மனநல மருத்துவர் மார்லீனாவும் அப்படியே நம்பி அவரோடு குடும்பம் நடத்தினார். 1991இல் உண்மையான ரோமன் உயிரோடு வந்து நின்றார். இந்தக் கதையை நெஞ்சு உருக எழுத முயன்று பாருங்கள். இரண்டாவது வாக்கியத்திலேயே எந்த ரோமன் என்ற குழப்பம் வந்துவிடும். 'இறந்ததாகக் கருதப்பட்ட', 'ரோமன் என்று நம்பப்பட்ட' என்ற சட்டமொழித் தொடர்கள்தாம் இங்கே வாசகரைக் கைபிடித்து அழைத்துச் செல்கின்றன. உடல் கிடைக்கவில்லை, ஆகவே எதுவும் முடிந்துவிடவில்லை என்ற செய்தியையும், கதாபாத்திரம் அறிந்ததற்கும் பார்வையாளர் அறிந்ததற்கும் உள்ள இடைவெளியையும் அவை ஒருசேரக் காக்கின்றன.

அதே மார்லீனாவைச் சாத்தான் பிடித்ததாக 1994–95இல் கதை நடந்தபோது, அதையும் சுருக்கம் எழுதியவர்கள் ஒரு திருமணத்தையோ பணிமாற்றத்தையோ பதிவு செய்வதுபோலவே பதிவு செய்தார்கள். நீங்கள் இதை வறட்சி என்கிறீர்கள். நான் இதை மரியாதை என்பேன். அந்த ஊரில் அது நடந்தது என்று ஏற்றுக்கொண்டு எழுதுகிறார்களே தவிர, 'இதையெல்லாம் நம்புகிறார்களே' என்று ரசிகரைக் குத்திக்காட்டும் ஒரு சொல்லைக்கூடச் சேர்ப்பதில்லை. அப்படிச் சேர்த்திருந்தால் அது அவமதிப்பு.

இனி என் குறைக்கு வருகிறேன். 'ஜெனரல் ஹாஸ்பிடல்' தொடரில் 1979 அக்டோபரில், லூக் ஸ்பென்சர் தான் நடத்திவந்த நடனக்கூடத்தில், அங்கே வேலை செய்த லாராவைப் பலவந்தப்படுத்தினான். லாரா அப்போது இன்னொருவரின் மனைவி. பிறகு இந்த இணை மக்களுக்குப் பிடித்துப்போயிற்று. 1981 நவம்பரில் நடந்த அவர்களுடைய திருமணத்தை ஏறத்தாழ மூன்று கோடிப் பேர் பார்த்தார்கள். காதல் கதையாக அதை நடத்திச் செல்வதற்கு முதல் நிகழ்ச்சி இடையூறாக இருந்தது. ஆகவே தொடருக்குள்ளேயே அதை 'மயக்கி வசப்படுத்தியது' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் குறிப்பிடத் தொடங்கினார்கள். அது கேட்பதற்குக் கண்ணியமான சொல், எழுதுவதற்கு நாகரிகமான சொல். செய்தவனை விடுவித்து, பாதிக்கப்பட்டவளை அதற்கு உடன்பட்டவளாக ஆக்கிவிடும் சொல்லும் அதுவே. 'அந்த இரவின் சம்பவம்', 'அவர்களுக்கிடையே நிகழ்ந்தது' என்று எழுவாயைத் தொலைத்துவிட்டு எழுதப்படும் வாக்கியங்களுக்கும் இதே குணம்தான். இவற்றைப் படிக்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. நிதானமான நடையில் எழுதுகிறவர் தன் உணர்ச்சியை ஒதுக்கி வைக்கலாம். செய்தவனின் பெயரை ஒதுக்கி வைக்க அவருக்கு உரிமை இல்லை.

இதை ஆங்கிலத்தின் குற்றமாக மட்டும் சொல்லிவிட முடியாது. நம் செய்தித்தாள்கள் நெடுங்காலம் 'கற்பழிப்பு' என்று எழுதின. இழந்தவள் அவள், அழிந்தது அவளுடைய கற்பு என்று தீர்ப்பையே அந்தச் சொல் தனக்குள் வைத்திருந்தது. அந்த இடத்துக்கு வந்த 'பாலியல் வன்கொடுமை' உணர்ச்சி குறைந்த, அலுவலகத் தன்மை கொண்ட சொல்தான்; ஆனால் அதில் கொடுமை செய்தவன் மீது கை நீட்டப்படுகிறது. ஆங்கிலத்திலும் அதற்கு நேரான, சட்டத்தில் இடம்பெற்ற சொல் இருக்கிறது. அதை எழுதினால் நடையின் கண்ணியம் சிறிதும் குறையாது.

ஆகவே உணர்ச்சியைச் சேர்த்து எழுதுங்கள் என்று நான் யாரிடமும் கேட்கமாட்டேன். லூக்–லாரா கதைக்குச் சுருக்கம் எழுதும் பணி என்னிடம் வந்தால், அடைமொழி ஒன்றும் இல்லாமல் இப்படித்தான் எழுதுவேன்: '1979இல் லூக் லாராவைப் பாலியல் வன்கொடுமை செய்தான். 1981இல் இருவரும் மணந்துகொண்டார்கள். 1998இல் அவர்களுடைய மகன் லக்கி இதை அறிந்து தந்தையைவிட்டு விலகினான்.'