பெரியப்பாவின் கம்ப்யூட்டர் சயின்ஸும் பாட்டியின் கோலாரும்

போன வாரம் குடியாத்தத்திலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் படிப்பு ஆலோசனை கேட்டு வந்திருந்தது. அப்பா, அம்மா, பெரியப்பா, நடுவில் பிளஸ் டூ முடித்த பெண். பேசியதெல்லாம் பெரியப்பாதான். சென்னைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி, மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ், பத்து லட்சம் கடன். "எப்படியும் ஐ.டி.யில உட்கார்ந்துடுவா." அப்பா வாயைத் திறந்தது ஒரே தடவை: "பயமா இருக்கு சார், சரியா வருமா?"

முதல் கால்மணி நேரம் நானும் வழக்கம்போல் "கவலைப்படாதீங்க" பாடிக்கொண்டிருந்தேன். பிறகு அந்தப் பெண்ணின் இயற்பியல் நோட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கங்கள் முழுக்க இரும்பு வளைவுகள். சுரங்கத்துக்குள் பாறையைத் தாங்கி நிற்கும் ஆர்ச்சுகளாம், வீடியோ பார்த்து வரைந்தாளாம். தாத்தா கோலார் தங்கவயல் சுரங்கத்தில் இறங்கி ஏறியவர். 2001 பிப்ரவரி 28-ல் அது மூடப்பட்டதும் குடும்பத்தோடு ஊர் திரும்பியவர். "மேலே அவ்வளவு பாறை இருந்தும் ஏன் விழாம நிக்குது தாத்தா?" என்று சின்ன வயதில் அவரை நச்சரித்தவள் இவள். ஆறுதல் சொல்வதை அங்கேயே நிறுத்திவிட்டேன். அன்று பெரியப்பா முன்னால் பாதியில் விட்டதை இப்போது அவள் அப்பாவுக்கு முழுசாக எழுதுகிறேன்.

சார், முதலில் பணம். பத்து லட்சத்தைப் பத்து சதவீத வட்டிக்குப் பத்து வருடத்தில் அடைக்க, மாதம் சுமார் 13,200 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் கிட்டத்தட்ட 16 லட்சம். படிக்கும் நாலு வருடத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. உங்கள் தையல் கடை வருமானத்தை நீங்களே சொன்னீர்கள். ரசீது இல்லாமல் "தனியா" கேட்கிற பணத்துக்கு ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள். நன்கொடை வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்தாயிற்று. அம்மாவின் நகையையும் இதற்காக அடகுக் கடைக்கு எடுத்துப் போகக் கூடாது. இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் கெட்ட படிப்பில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கும் கோடிங் எழுதிக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கு அது சொர்க்கம். உங்கள் பெண் அப்படியில்லை, அதை அவளே சொன்னாள். நீங்கள்தான் காதில் வாங்கவில்லை. மற்ற படிப்புகளைப் பற்றிச் சொல்ல உங்கள் தெருவிலேயே பத்து பேர் இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன். அவள் நோட்டில் இருப்பதை மட்டும் பார்ப்போம்.

பூமிக்கடியில் ஒரு வழி தோண்டினால், சுற்றியுள்ள பாறை அந்த வெற்றிடத்தை நோக்கி நகரப் பார்க்கும். பாறை கெட்டியாக இருந்தால் நகர்வு கண்ணுக்கே தெரியாது. நொறுங்கிய, மென்மையான பாறை என்றால் நாள்கணக்கில், மாதக்கணக்கில் பிதுங்கி வரும். அதை முரட்டு இரும்பை வைத்து அப்படியே நிறுத்த முயன்றால் ஒரு நாள் இரும்பு நெளிந்து முறுக்கிக்கொள்ளும். 1932-ல் ஜெர்மனியில் டூசான், ஹைன்ட்ஸ்மன் என்ற இருவர் பெயரில் வந்த ஆர்ச் வேறு வழி பார்த்தது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் நாட்டு ஓடு மாதிரி குழிவான கம்பிகள். ஓட்டுக்குள் ஓடு உட்காருவது போல ஒன்றின் முனை இன்னொன்றின் முனைக்குள் உட்காரும். அந்த இடத்தைக் கிளாம்ப் போட்டு, நட்டை முறுக்கி இறுக்குவார்கள். பாரம் ஓர் அளவைத் தாண்டியதும் உராய்வை மீறி ஒரு துண்டு இன்னொன்றுக்குள் கொஞ்சம் சறுக்கும். ஆர்ச் சற்றே சின்னதாகும், பாறையின் அழுத்தம் தணியும், சறுக்கல் நிற்கும். பாரம் மறுபடி ஏறினால் மறுபடி சறுக்கல். இதற்குள் பாறையே தனக்கென்று ஒரு வளைவை அமைத்துக்கொண்டு பாரத்தின் பெரும்பங்கைச் சுமக்கத் தொடங்கிவிடும். அம்மாவின் கால் மெட்டியைக் காட்டித்தான் அன்று விளக்கினேன். முனைகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதால்தான் அது விரலுக்கேற்பக் கூடிக் குறைகிறது.

கேட்க எளிது. வித்தை நட்டில் இருக்கிறது. அளவுக்கு மேல் முறுக்கினால் சறுக்க வேண்டிய ஆர்ச் சறுக்காமல் நெளியும். தளர்வாக விட்டால் எதிர்ப்பே காட்டாமல் வழுக்கும். அதனால்தான் டார்க் ரெஞ்ச் என்ற, முறுக்கும் விசையைக் காட்டும் ஸ்பேனரை வைத்து அளந்து முறுக்குகிறார்கள். ஆர்ச்சுக்கும் பாறைக்கும் நடுவில் இடைவெளி விட்டால் ஒரே புள்ளியில் பாரம் குத்தும், அதையும் நிரப்ப வேண்டும். மீட்டருக்கு 29 கிலோ கம்பியா, 36-ஆ, எத்தனை அடிக்கு ஓர் ஆர்ச், எவ்வளவு சுருங்க இடம் விட்டுத் தோண்டுவது என்று கணக்குப் போட ஓர் ஆள் வேண்டும். சுவிட்சர்லாந்தில் 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட் ரயில் சுரங்கம் 2016-ல் திறந்ததே, அதில் செட்ரூன் பகுதிப் பாறை பிதுங்கும் என்று தெரிந்து 70 சென்டிமீட்டர் வரை அதிகமாகத் தோண்டி, இந்தச் சறுக்கும் ஆர்ச்சுகளைத்தான் நிறுத்தினார்கள். உங்கள் பெண் வரைந்தது விளையாட்டுப் படமில்லை.

இதற்கு வழி பி.இ. மைனிங். சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியிலேயே இருக்கிறது, அரசுக் கட்டணம். அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸுக்குக் கேட்கும் கட்-ஆஃப் இதற்குத் தேவையில்லை. கிடைக்காவிட்டால் அரசுக் கல்லூரியில் சிவில் படித்துவிட்டு மேற்படிப்பில் பாறை இயக்கவியல் பக்கம் வரலாம். மேற்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வில் மைனிங்குக்குத் தனித் தாள் உண்டு. தன்பாத் ஐ.ஐ.டி. 1926-ல் சுரங்கக் கல்லூரியாகத் தொடங்கியதுதான்.

சர்க்கரை தடவ விரும்பவில்லை. இந்தியாவில் நிலக்கரி பெரும்பாலும் திறந்தவெளிச் சுரங்கத்தில்தான் வருகிறது. நிலத்தடியிலும் பல இடங்களில் ராக் போல்ட்தான், அதாவது பாறையில் துளை போட்டுச் செருகும் கம்பிதான், முதல் தாங்கி. வெறும் ஆர்ச்சை நம்பிப் பிழைக்க முடியாது, பாறையைத் தாங்கும் முழுக் கலையையும் கற்க வேண்டும். கற்றால் ராஜஸ்தான் துத்தநாகச் சுரங்கமும் இமயமலை ரயில் சுரங்கமும் ஒரே தொழில்தான். வேலை தெலங்கானாவிலோ ஜார்க்கண்டிலோ இருக்கும். பொங்கலுக்கு லீவு கிடைக்காமலும் போகும்.

"பொம்பளைப் புள்ளையைச் சுரங்கத்துலயா?" என்றார் பெரியப்பா. 1952 சுரங்கச் சட்டம் தடுத்தது உண்மை. 2019 ஜனவரியில் தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகளுக்குப் பெண்கள் எழுத்துப்பூர்வ சம்மதத்தோடு பகல் வேளையில் நிலத்தடியில் இறங்க மத்திய அரசு அனுமதி கொடுத்தது. 2021-ல் ஜார்க்கண்டின் சுரி நிலத்தடிச் சுரங்கத்தில் ஒரு பெண் பொறியாளர் பணியில் சேர்ந்தார்.

பாட்டியின் பயம் வேறு. கோலாரில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே பாறை திடீரென்று வெடித்த கதைகளை அவர் வாழ்ந்து பார்த்தவர். அவரிடம் பொய் சொல்லாதீர்கள்: சறுக்கும் ஆர்ச் மெல்லப் பிதுங்கும் பாறைக்கான மருந்து, கண நேரத்தில் வெடிக்கும் பாறைக்கு அது மட்டும் போதாது. ஆனால் பாறையின் குணத்தை ஆராயும் தேசிய நிறுவனம் 1988-ல் அந்தத் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தாத்தாவின் சுரங்கத்தில் எழுந்த கேள்வியைத்தான் பேத்தி கேட்கிறாள்.

பொறியியல் கவுன்சலிங்கில் கல்லூரியும் பாடப்பிரிவும் தேர்ந்தெடுக்கும் சாய்ஸ் ஃபில்லிங் தொடங்கியதும் பட்டியலை அவளே வரிசைப்படுத்தட்டும். முதல் வரியில் எதை வைக்கிறாள் என்று பக்கத்தில் இருந்து பாருங்கள், கை வைக்காதீர்கள். பதிவு செய்த போன் நம்பரை இன்றே சரிபார்த்துவிடுங்கள் சார். ஓ.டி.பி. அவள் போனுக்கு வரட்டும், பெரியப்பா போனுக்கு வேண்டாம்.