இரண்டு வயதுப் பிள்ளைக்கு எதற்கு ‘மூளை வளர்ச்சி கிட்’?

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது. ஃப்ளாஷ் கார்டு, பொம்மைகள் எல்லாம் அடங்கிய ‘மூளை வளர்ச்சி கிட்’டை 18,000 ரூபாய்க்குத் தவணையில் தருவதாக ஒரு ஏஜென்ட் வீடு தேடி வந்து சொல்கிறார். வாங்காவிட்டால் பையன் பின்தங்கிவிடுவானா? வீட்டில் இருப்பதை வைத்தே விளையாட்டாகச் சொல்லித்தர முடியாதா? – வாசகி, ஈரோடு

பதில்: வாங்காதீர்கள். தவணைப் படிவத்தில் கையெழுத்தும் போடாதீர்கள். மூன்று வயதுக்குள் மூளை வளர்ச்சி முடிந்துவிடும் என்று பயமுறுத்தியிருப்பார். அது பொய். இருபது வயதைத் தாண்டியும் மூளை முதிர்ந்துகொண்டுதான் இருக்கும்.

வீட்டுப் பொருட்களே போதும். டம்ளர்களையும் கிண்ணங்களையும் தரையில் பரப்பிவிடுங்கள். ஒன்றுக்குள் ஒன்றைப் போட்டுப் பார்த்தே பெரியது, சிறியது தெரிந்துகொள்வான். எந்த டப்பாவுக்கு எந்த மூடி என்று தேட விடுங்கள். உருளைக்கிழங்கையும் பெரிய வெங்காயத்தையும் கலந்து வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். துணி மடிக்கும்போது “அப்பா சட்டை எது?” என்று கேளுங்கள். கூடவே பேசிக்கொண்டே இருங்கள், பேச்சு அதில்தான் வளரும். ஐந்து நிமிடத்தில் எழுந்து ஓடினால் விட்டுவிடுங்கள்.

பெரிய வெங்காயம் என்றுதான் சொன்னேன், சின்ன வெங்காயம் கூடாது. வீட்டுப் பெரியவர்கள் ஆசையாகப் பல்லாங்குழியை எடுத்துத் தருவார்கள். நல்ல விளையாட்டுதான், ஆனால் புளியங்கொட்டையும் சோழியும் மூன்று வயது முடியும்வரை வேண்டவே வேண்டாம். பட்டாணி, நிலக்கடலை, பட்டன், கோலிகுண்டு எல்லாம் அப்படித்தான். பக்கத்திலேயே இருக்கிறேனே என்பீர்கள். மூக்கில் திணிக்கவும் விழுங்கவும் ஒரு நொடி போதும். சில ரிமோட்டுகளில் இருக்கும், காசு போல வட்டமான பட்டன் பேட்டரி இன்னும் மோசம். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

இரண்டரை வயதுப் பிள்ளையை நிற்க வைத்து நிறமும் எழுத்தும் கேட்டு அட்மிஷன் போடும் பள்ளிகளால்தான் இந்த ஏஜென்ட்டுகளுக்குப் பிழைப்பு ஓடுகிறது. கண்டிக்க வேண்டியவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். தெருக்கோடி அங்கன்வாடியில் இரண்டு வயது முதல் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒருமுறை போய்ப் பாருங்கள்.

சரி, ஒன்று மட்டும் கவனியுங்கள். “பால் தா” போல இரண்டு சொல் சேர்த்து இன்னும் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். முதலில் காது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.