கண்காட்சியில நடக்குற வீடியோ கிளாஸ், காசு குடுத்து உக்காரலாமா? (கேள்வி பதில்)

சிங்கப்பூர்ல நடக்குற டிவி, வீடியோ சாமான் கண்காட்சி பிராட்காஸ்ட்ஏஷியா, அது சமயம் வந்தாலே எனக்கு வாட்ஸ்அப்ல ஒரே கேள்விதான், அக்கா அங்க எடிட்டிங் கிளாஸ் நடக்குதாமே, போலாமான்னு. 20 வருஷமா எடிட் டேபிள்ல உக்காந்து முதுகு போனதுதான் என் தகுதி, அத வச்சு சொல்றேன், கேட்ட எல்லாருக்கும் சேர்த்து இங்கயே.

பூன் லே தம்பி: அக்கா, ஸ்டால்லயே ஃப்ரீயா சொல்லித் தர்றாங்களே, அப்புறம் எதுக்கு காசு குடுத்து தனி கிளாஸ்?

தம்பி, ஸ்டால்ல நடக்குறது கிளாஸ் இல்ல, டெமோ. மைக் மாட்டிட்டு நிக்கிறவருக்கு சம்பளம் குடுக்குறது யாருன்னு பாரு, சாமான விக்கிற கம்பெனி. அவர் தப்பா எதுவும் சொல்ல மாட்டாரு, ஆனா அந்த சாஃப்ட்வேர் எங்க தொங்கும், எங்க கிராஷ் ஆகும்னு வாயே தொறக்க மாட்டாரு. புதுசா என்ன வந்திருக்குன்னு தெரிஞ்சுக்க டெமோ போதும், 20 நிமிஷம் நின்னு பாத்துட்டு பையில ஸ்டிக்கர் வாங்கிட்டு வா. கத்துக்கணும்னா உன் கை மவுஸ்ல இருக்கணும். அதனால காசு கட்டுறதுக்கு முன்னாடி ஈமெயில் போட்டு ரெண்டே ரெண்டு கேளு: ஆளுக்கு ஒரு மெஷினா, இல்ல பாக்குறது மட்டுமா? கிளாஸ்ல வேலை செய்யுற ஃபைல நாங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா? ரெண்டுக்கும் மழுப்பலா பதில் வந்தா அந்த காசுக்கு தேக்கால போயி நல்லா சாப்பிடு.

உட்லண்ட்ஸ்லருந்து ஒரு அண்ணன்: நான் கல்யாண வீடியோ எடுக்குறவன். போன தடவை ஒரு கலர் கிரேடிங் (எடுத்த படத்தோட நிறத்த சரி பண்றது) கிளாஸ் போனேன், அங்க பாத்தது அவ்ளோ அழகா இருந்துச்சு, வீட்டுக்கு வந்து என் ஃபுட்டேஜ்ல போட்டா அசிங்கமா வருது. தப்பு என் மேலயா?

இல்லண்ணே. எனக்கும் இது நடந்திருக்கு, பல வருஷம் முன்னாடி நானும் ஒரு கிளாஸுக்கு நல்ல காசு கட்டி ஒரு நாள் முழுக்க உக்காந்தேன், அவங்க போட்டது எல்லாம் பெரிய சினிமா கேமராவுல ரா ஃபார்மட்ல (கேமரா பாத்தத அப்படியே வச்சிருக்குற ஃபைல்) சாயங்கால வெயில்ல எடுத்தது, அதுல எந்த பட்டன திருப்புனாலும் அழகாத்தான் இருக்கும். நம்ம பொழப்பு அப்படியா? கோயில் மண்டபத்துல ஒரு பக்கம் டியூப்லைட், ஒரு பக்கம் கலர் எல்ஈடி, நடுவுல ஹோமப் புகை, பொண்ணு பட்டுப் புடவை செவப்பு தனியா எரியுது. கெட்டுப்போன ஷாட்ட எடுத்து சரி பண்ணிக் காட்டுற வாத்தியார்தான் வாத்தியார். நல்ல ஷாட்ட இன்னும் நல்லா ஆக்குறது யாரு வேணா பண்ணலாம்.

இன்னொண்ணு, இது நெறைய பேரு கவனிக்கிறதில்ல. அமெரிக்காலருந்து வர்ற வாத்தியாருங்க அவங்க ஊரு கணக்குல பேசுவாங்க, அங்க கரண்ட் 60 ஹெர்ட்ஸ், அதனால செகண்டுக்கு 29.97 ஃபிரேம் (படம்), ஷட்டர் (ஒரு ஃபிரேமுக்கு வெளிச்சம் விடுற நேரம்) 1/60 செகண்டுன்னு கை தானா எழுதும். சிங்கப்பூர்ல 50 ஹெர்ட்ஸ், டிவிக்கும் 25 ஃபிரேம்தான். இங்க டியூப்லைட்டுக்கு அடியில 1/60 வச்சா படத்துல பட்டை பட்டையா ஓடும், 1/50 இல்லன்னா 1/100 வச்சா பெரும்பாலும் சரியாயிரும். கிளாஸ்ல எழுந்து "எங்க ஊருக்கு இது எப்படி மாறும்"னு ஒரு கேள்வி கேளுங்க. ஒரு செகண்ட் யோசிச்சுட்டு சரியா சொன்னா ஆள் வேலை தெரிஞ்சவர். சிரிச்சுட்டு அடுத்த ஸ்லைடுக்கு போனா, டீ பிரேக்ல நீங்களும் கிளம்பலாம்.

செங்காங் தங்கச்சி: கிளாஸ் பேர்லயே "இன்டர்மீடியட்"னு போட்டிருக்கு, நான் எந்த லெவல்னே தெரியலயே?

அந்த லேபிள நம்பாதம்மா, ஆள் சேரணும்னு ஒட்டுறது அது. 45 நிமிஷ கிளாஸுக்கு 12 தலைப்பு போட்டிருந்தா எதுவும் நிக்காது. அதே 45 நிமிஷத்துல "பேட்டி ஆடியோவ சுத்தம் பண்றது" மட்டும்னு இருந்தா அது யாருக்கும் உதவும்.

பிடோக் அண்ணன்: அமெரிக்காவுல லாஸ் வேகாஸ்ல நடக்குற என்ஏபி ஷோ, அந்த பெரிய டிவி, வீடியோ கண்காட்சிக்கே போயிரலாமான்னு பாக்குறேன், அங்க கிளாஸ் பெருசாமே?

பெருசுதான், வருஷா வருஷம் ஏப்ரல்ல நடக்கும், போஸ்ட் புரொடக்‌ஷன் வேர்ல்டுன்னு அங்க தனியா காசு கட்டி உக்காருற கிளாஸ் வரிசையே உண்டு. எக்சிபிஷன் ஹால் பாஸ் வேற, கிளாஸ் பாஸ் வேற, அத முதல்ல பிரிச்சுப் பாருங்க. ஆனா ஃபிளைட்டு, ஹோட்டல், நாலஞ்சு நாள் ஷூட்டிங் வருமானம் போறது எல்லாம் கூட்டிப் பாத்துட்டு சொல்லுங்க. கம்பெனி அனுப்புனா ஓடுங்க. சொந்தக் காசுன்னா நான் போக மாட்டேன், அந்தக் காசுக்கு நல்ல லென்ஸ் ஒண்ணு வாங்கிருவேன் (வீட்டுக்காரருக்கு தெரியாம).

ஈசூன் தம்பி: கோர்ஸ் படிக்க சிங்கப்பூர் அரசாங்கம் குடுக்குற ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்ல கிளாஸ் காச கழிக்க முடியுமா?

அங்கீகாரம் வாங்கின கோர்ஸுக்கு மட்டும்தான். மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்துல அந்த கோர்ஸ் பேரு இருக்கான்னு தேடிப் பாரு, இல்லன்னா இல்லதான். 40 வயசு தாண்டினவங்களுக்கு 2024 மே மாசம் தனியா 4,000 வெள்ளி போட்டாங்கல்ல, அதுவும் எல்லா கோர்ஸுக்கும் செல்லாது, அதுக்குன்னு குறிச்ச கோர்ஸுக்குத்தான். கிளாஸ் முடிஞ்சப்புறம் ரசீத தூக்கிட்டு அலையாம, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பாத்துக்க.

பேரு போட வேணாம்னு சொன்னவங்க: சர்டிபிகேட் குடுக்குறாங்களே, வேலைக்கு உதவுமா?

"வந்து உக்காந்தார்"னு ஒரு சர்டிபிகேட், "பரீட்சை எழுதி பாஸ் பண்ணார்"னு ஒரு சர்டிபிகேட், ரெண்டும் ஒண்ணு இல்ல. நான் ஆள் எடுக்கும்போது ரெண்டு நிமிஷ வேலையத்தான் பாப்பேன், பேப்பர இல்ல. டாவின்சி ரிசால்வ்னு எடிட்டிங், கலர் சாஃப்ட்வேர் இருக்கு, அத கத்துக்கணும்னா அத பண்ற பிளாக்மேஜிக் கம்பெனி அவங்க தளத்துலயே டிரெய்னிங் புத்தகம், பாட ஃபைல் எல்லாம் சும்மா குடுக்குறாங்க, சாஃப்ட்வேரோட ஃப்ரீ வெர்ஷனே கல்யாண வேலைக்கு தாராளமா போதும். இருட்டு ஷாட்ல புள்ளிப் புள்ளியா வர்ற நாய்ஸ எடுக்குற வசதி மாதிரி சிலது மட்டும் காசு குடுக்குற ஸ்டுடியோ வெர்ஷன்லதான் இருக்கு. அந்த புத்தகத்துல முதல் மூணு பாடத்த முடிச்சுட்டு கிளாஸுக்கு போனா, என்ன கேள்வி கேக்கணும்னாவது தெரியும். சும்மா கிடைக்கிறதையே காசுக்கு விக்கிறாங்களான்னும் தெரிஞ்சுரும்.

பூன் லே தம்பியே திரும்ப: சரிக்கா, கிளாஸ் முடிஞ்சதும் நல்லாருந்துச்சா இல்லையான்னு எப்படி முடிவு பண்றது?

வெளிய வர்றப்ப ஃபாரம் குடுத்து அஞ்சு ஸ்டார் கேப்பாங்க பாரு, அப்ப எல்லாமே நல்லாத்தான் தோணும், ஏசி, கோப்பி, பிஸ்கட்டு. நான் அன்னிக்கு எதுவும் எழுத மாட்டேன். ரெண்டு நாள் விட்டு, குறிப்ப பாக்காம, என் சொந்த ஃபுட்டேஜ்ல ஒரு வேலைய செஞ்சு பாப்பேன். வந்துச்சா, கிளாஸ் நல்ல கிளாஸ். வரலன்னா வாத்தியாருக்கு மெயில் போடுவேன், பதில் போடுறாரான்னு பாப்பேன். ஒருத்தர் என் மெயிலுக்கு பதிலா, செஞ்சு காட்டுற சின்ன வீடியோவே எடுத்து அனுப்பினாரு, அவர் கிளாஸ் எங்க நடந்தாலும் நான் போவேன்.

அப்புறம் தம்பி, எக்ஸ்டென்ஷன் வயர் ஒண்ணு எடுத்துட்டுப் போ. ஒரு ஹால்ல எல்லாருக்கும் சேர்த்து நாலு பிளக்கு, மதியத்துக்குள்ள பாதி லேப்டாப் செத்துப்போச்சு.