நூலகர் பதில்கள்: உங்கள் சொல் வேறு, கிடங்கின் சொல் வேறு

(கல்வியியல் கல்லூரி ஒன்றில் 31 வருடம் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஈராசிரியர் பள்ளியில் வேலை செய்கிறேன். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் என் பொறுப்பில். தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. கல்வியியல் படிக்கிறேன், இதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்திருக்கிறேன். "எரிக்கில் தேடுங்கள்" என்றார் கைடு. தலைப்பை அப்படியே அடித்துத் தேடினால் சம்பந்தமில்லாததெல்லாம் வந்து கொட்டுகிறது. எங்கே தப்பு செய்கிறேன் அம்மா?
– ஆசிரியை, போடிநாயக்கனூர்

பதில்: டீச்சர், தலைப்பு கைடுக்காக எழுதுவது. "தேனி மாவட்டத் தொடக்கப் பள்ளிகளில் பல்வகுப்புக் கற்பித்தலில் ஆசிரியர்கள் சந்திக்கும் சிக்கல்கள் – ஓர் ஆய்வு" என்று பதினோரு சொல்லை இங்கிலீஷில் அடித்தால், அதில் "சிக்கல்" உள்ளதும் வரும், "ஆசிரியர்" உள்ளதும் வரும். கொட்டத்தான் செய்யும்.

எரிக் என்பது அமெரிக்கக் கல்வித்துறையின் ஆய்வுக் கிடங்கு. 1960களின் நடுவில் தொடங்கியது. காசு கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது, போடியில் உட்கார்ந்து போனிலேயே தேடலாம். அங்கே ஒவ்வொரு பதிவிலும் இந்தக் கட்டுரை எதைப் பற்றியது என்று சில சொற்களை ஒட்டி வைத்திருப்பார்கள். டிஸ்கிரிப்டர் என்று பெயர். கட்டுரை எழுதியவர் என்ன சொல் போட்டிருந்தாலும் சரி, ஒட்டுகிற சொல் அவர்களுடைய பட்டியலிலிருந்துதான் வரும்.

உங்கள் விஷயத்துக்கு அந்தப் பட்டியலில் உள்ள சொல் "மல்டிகிரேடட் கிளாசஸ்". நடுவில் ஒரு "டட்" வருகிறது பாருங்கள். நம்மில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, "மல்டிகிரேட் டீச்சிங்" என்போம். பக்கத்துச் சொற்களும் உண்டு: "மிக்ஸ்டு ஏஜ் குரூப்பிங்", "ஒன் டீச்சர் ஸ்கூல்ஸ்", "ஸ்மால் ஸ்கூல்ஸ்".

என் நூலகத்தில் புத்தகம் தேட இழுப்பறைகளில் தலைப்பு அட்டைகள் அடுக்கி வைத்திருந்த காலத்தில் ஒரு பி.எட். மாணவி மூன்று நாள் "ட்ராப் அவுட்" தேடினாள். நாலாம் நாள்தான் வாய் திறந்து என்னிடம் கேட்டாள். அட்டைகள் எல்லாம் "இடைநிற்றல்" என்ற தலைப்பில், அவள் நின்ற இடத்திலிருந்து ரெண்டு இழுப்பறை தள்ளி இருந்தன. "ட்ராப் அவுட்" இடத்தில் "இடைநிற்றல் காண்க" என்று ஓர் அட்டை போட்டிருக்க வேண்டியது நான்தான். போடவில்லை.

எரிக்கில் அந்த "காண்க" அட்டை இருக்கிறது. தேடல் பெட்டியின் மேலேயே "தெசாரஸ்" என்று ஒன்று இருக்கும். அதில் உங்கள் சொல்லை அடித்தால், அதற்குப் பதில் எதைப் போட வேண்டும் என்று காட்டும். ஆனால் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது இதைவிடச் சோம்பேறி வழி. "மல்டிகிரேட்" என்ற ஒற்றைச் சொல்லை அடியுங்கள். முதல் பக்கத்தில், அட, இது நம் கதையாச்சே என்று தோன்றும் ஒரு கட்டுரையைத் திறங்கள். சுருக்கத்துக்குக் கீழே டிஸ்கிரிப்டர் வரிசை இருக்கும். அதில் பொருத்தமானதைத் தட்டினால், அதே சொல் ஒட்டிய மற்ற பதிவுகளும் வரும். அப்புறம் இடது பக்கம் இடம், ஆண்டு, பள்ளி நிலை என்று வடிகட்டிகள் இருக்கின்றன. இந்தியா என்று தேர்ந்தெடுத்துப் பாருங்கள், இலங்கை என்றும் பாருங்கள். மலையகத்துச் சிறு பள்ளிகளின் நிலைமை உங்கள் நிலைமைக்கு ரொம்பத் தூரமில்லை.

ஒரு எச்சரிக்கை. தேடல் பெட்டிக்குக் கீழே "பியர் ரிவ்யூட் ஒன்லி" என்று ஒரு கட்டம் இருக்கும், அதாவது துறை வல்லுநர்கள் படித்துச் சரிபார்த்த கட்டுரைகள் மட்டும். கைடு அதை டிக் செய்யச் சொல்லியிருப்பார். நானும் வருஷக்கணக்காக அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் எரிக் அந்த முத்திரையைக் குறிக்க ஆரம்பித்தது 2004 வாக்கில்தான். டிக் அடித்தால் அதற்கு முந்தைய கட்டுரைகள், எவ்வளவு உசத்தியான இதழில் வந்திருந்தாலும், கண்ணில் படாது. உங்கள் தலைப்பில் எல்லோரும் மேற்கோள் காட்டும் கட்டுரையே அப்படி மறைந்துவிடும்.

அது 1995இல் நெதர்லாந்தின் சைமன் ஃபேன்மன் எழுதியது. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, பல்வகுப்பு அறையில் படிக்கும் பிள்ளைகள் மற்ற பிள்ளைகளைவிட மோசமும் இல்லை, உசத்தியும் இல்லை என்றார். மறு வருஷமே மேசன், பர்ன்ஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் மறுத்து எழுதினார்கள். தலைமையாசிரியர்கள் இந்த வகுப்புகளுக்கு நன்றாகப் படிக்கும் பிள்ளைகளையும் கெட்டிக்கார ஆசிரியர்களையும் பொறுக்கி அனுப்புகிறார்கள், அதனால்தான் வித்தியாசம் தெரியவில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பாதிப்பு இருக்கத்தான் செய்கிறது என்பது அவர்கள் வாதம். ரெண்டையும் சேர்த்துப் படியுங்கள். உங்கள் அறைக்கு யாரும் பிள்ளைகளைப் பொறுக்கி அனுப்பவில்லை, ஊரில் இருக்கிற பிள்ளைகள் வருகிறார்கள். ஆக அந்த முடிவு எதையும் அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. முந்தைய ஆய்வுகளைப் பேசும் உங்கள் இரண்டாம் அத்தியாயத்துக்கு இதுவே போதும்.

கேள்வி: சில பதிவுகளில் பிடிஎஃப் இருக்கிறது, பலவற்றில் வெறும் சுருக்கம்தான். பணம் கட்டினால்தான் முழுசாகக் கிடைக்குமா?
– எம்.எட். மாணவர், தஞ்சாவூர்

பதில்: எரிக் ஒவ்வொரு பதிவுக்கும் கொடுத்திருக்கும் எண்ணைப் பாருங்கள். "ஈஜே" என்று தொடங்கினால் ஆய்விதழ்க் கட்டுரை. அதன் உரிமை பெரும்பாலும் பதிப்பாளரிடம் இருப்பதால் எரிக் சுருக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும். "ஈடி" என்றால் அறிக்கை, மாநாட்டுக் கட்டுரை, ஆய்வேடு, புத்தகம் போன்றவை. இவற்றில் நிறைய முழுசாகவே கிடைக்கும்.

கிடைக்காததற்குக் கார்டை நீட்டாதீர்கள். கட்டுரைத் தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுள் ஸ்காலரில் தேடினால், ஆசிரியர் தன் பல்கலைக்கழகப் பக்கத்தில் ஏற்றி வைத்த பிரதி சில சமயம் வலது ஓரத்தில் நிற்கும். இல்லையா, அவருக்கே நாலு வரி மின்னஞ்சல் போடுங்கள். என் மாணவி ஒருத்தி பயந்து பயந்து ஒரு பேராசிரியருக்கு எழுதினாள். கேட்டது ஒன்று, அவர் அனுப்பியது மூன்று. நீங்கள் அரசுக் கல்லூரியா? அரசுக் கல்வி நிறுவனங்களுக்காக மத்திய அரசே ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்டும் "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது, சுமார் 13,000 இதழ்கள். உங்கள் நூலகரைப் போய்க் கேளுங்கள். கேட்க ஆள் வராமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு அலுப்பு என்று எனக்குத் தெரியும்.

கேள்வி: அமெரிக்கக் கிடங்கில் தமிழ்நாட்டைப் பற்றி என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது?
– ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், விருத்தாசலம்

பதில்: பெரிதாக இல்லைதான் ஐயா, ஆனால் சுத்தமாக இல்லாமலும் இல்லை. 2025இல் அங்கே நிதியை வெட்டியதில் புதிய வரவும் குறைந்துவிட்டது. அதனால் அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். நம் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா இருக்கிறது, காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்னெட் என்ற பல்கலைக்கழக நூலக இணைப்பு மையம் நடத்துவது, அதுவும் இலவசம். தேடும்போது தமிழ்நாட்டை இங்கிலீஷில் இரண்டு சொல்லாக ஒரு தடவை, சேர்த்து ஒரே சொல்லாக ஒரு தடவை, பழையதென்றால் மெட்ராஸ் என்று ஒரு தடவை அடியுங்கள்.

செயல்வழிக் கற்றலையே, இங்கிலீஷில் ஏபிஎல் என்பார்களே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுக்கப் போனது. பிள்ளைகள் தாமாகப் படிக்கும் பாட அட்டை, எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படி எல்லாம் உங்கள் பள்ளிக்கும் வந்திருக்கும். அதன் வேர் ஆந்திராவின் ரிஷிவேலியில் பல்வகுப்பு கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறை. முதல் கேள்வி கேட்ட டீச்சரும் இதைக் கவனிக்க வேண்டும்: "பல்வகுப்பு" என்று தேடினால் சிக்காத நம்மூர் ஆய்வுகள் "ஏபிஎல்" என்று அடித்தால் சிக்கும்.

ஒரு குறை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் உண்டா, கிராமத்துக்கும் நகரத்துக்கும் வித்தியாசம் உண்டா என்று இருபது அட்டவணை போட்டு, வகுப்பறைக்குள் எட்டியே பார்க்காத ஆய்வேடுகள் சோத்கங்காவில் எக்கச்சக்கம். நான் முதலில் பின்னிணைப்பைத் திறப்பேன். ஆசிரியர்களிடம் கேட்ட கேள்வித்தாள் அங்கே இருக்கும். அது உருப்படியாக இருந்தால்தான் முன்னால் வருவேன்.

கேள்வி: ஏஐயிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் பத்து கட்டுரை தருகிறதே, இவ்வளவு பாடு எதற்கு?
– வாசகர், ஓசூர்

பதில்: என் அக்கா பேத்தி அப்படித்தான் பத்து வாங்கி வந்தாள். ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ், பக்க எண் எல்லாம் கச்சிதம். ஒவ்வொன்றாக எரிக்கிலும் ஸ்காலரிலும் தலைப்பை அடித்துப் பார்த்தோம். ஆறு இருந்தது. மூன்று எங்கேயுமே இல்லை. மீதி ஒன்றில் ஆசிரியர் நிஜம், இதழ் நிஜம், அந்தப் பக்க எண்ணில் அச்சாகியிருந்தது வேறொருவரின் புத்தக மதிப்புரை. தேடுவதற்கு என்ன சொல் போடலாம் என்று அதனிடம் கேளுங்கள், நன்றாகவே சொல்கிறது. "மல்டிகிரேடட்"டில் அந்த "டட்"டைக்கூடச் சரியாகச் சொன்னது.