நிறம் மாறும் பாலிமரால் அமினோ அமிலம் கண்டறிதல்: கேள்வி பதில்

கேள்வி: சாயம் எதுவும் சேர்க்காமல் பாலிமர் எப்படி நிறம் மாறுகிறது?

இங்கே பாலிமரேதான், அதாவது சிறு மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலியேதான், சாயம். பாலிடைஅசெட்டிலீன், பாலிதயோஃபீன் போன்றவற்றின் முதுகெலும்பு நெடுக எலக்ட்ரான்கள் பரவி நிற்கும். சங்கிலி தட்டையாக நீண்டு கிடந்தால் நீண்ட அலைநீள ஒளியை உறிஞ்சும். அமினோ அமிலம் வந்து பக்கக் கிளைகளைப் பற்றிச் சங்கிலி கொஞ்சம் முறுக்கிக்கொண்டால், எலக்ட்ரான்கள் பரவும் தூரம் குறைந்து உறிஞ்சுவது குட்டை அலைநீளத்துக்கு நகர்ந்துவிடும். நீலப் பாலிடைஅசெட்டிலீன் 640 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சும், சிவந்த பிறகு 540 பக்கம்.

கேள்வி: நிறத்தைப் பார்த்தே எந்த அமினோ அமிலம் என்று சொல்லிவிடலாமா?

ஒரே ஒரு பாலிமரை வைத்துக்கொண்டு பெரும்பாலும் முடியாது. பிஹெச் 7-இல் (அமிலமும் காரமும் இல்லாத நடுநிலையில்) லைசினும் ஆர்ஜினினும் நேர்மின்சுமையோடு இருப்பதால், எதிர்மின்சுமையுள்ள கார்பாக்சிலேட் கிளை உள்ள பாலிமர் அவற்றைப் பிடித்துக்கொள்ளும், குளூட்டாமிக் அமிலத்துக்கு எதிர்மின்சுமை, அதற்கு நேர்மின்சுமையுள்ள அமோனியம் கிளை வேண்டும். கிளைசின், அலனின், வாலின் மூன்றுக்கும் நிகரச் சுமை கிட்டத்தட்ட பூஜ்யம். இவற்றைப் பிரித்தறிவதுதான் உண்மையான கஷ்டம். நாலைந்து பாலிமர்களை வரிசையாக வைத்து, எது எவ்வளவு மாறியது என்று சேர்த்துப் பார்ப்பதே சரியான வழி என்பேன்.

கேள்வி: ஆர்ஜினின் போட்டதும் பளிச்சென்று சிவந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவசரப்படாதீர்கள். எனக்கும் இப்படித்தான் நடந்தது. கார்பாக்சிலிக் அமிலக் கிளையுள்ள பாலிடைஅசெட்டிலீன், குழாயில் ஆர்ஜினின் விழுந்த சில நொடிகளில் நீலம் ஊதாவாகி, ஊதா சிவப்பாகி, நான் துள்ளிக் குதித்து, அப்புறம் பிஹெச் மீட்டரை விட்டுப் பார்த்தால் 10-க்கு மேல் காட்டியது! உப்பு வடிவமான ஆர்ஜினின் ஹைட்ரோகுளோரைடுக்குப் பதிலாக வெறும் ஆர்ஜினினை எடுத்திருக்கிறேன், அது கரைசலைக் காரமாக்கிவிட்டது. வெறும் சோடியம் ஹைட்ராக்சைடை விட்டு அதே பிஹெச்சுக்குக் கொண்டு வந்தேன், அச்சு அசல் அதே சிவப்பு. அமினோ அமிலம் இல்லாத, அதே பிஹெச் உள்ள குழாயைப் பக்கத்தில் வைக்காமல் எந்த நிற மாற்றத்தையும் நம்பாதீர்கள். அதற்காகப் பஃபரை (பிஹெச்சை மாறாமல் பிடித்து வைக்கும் உப்புக் கரைசலை) அள்ளிக் கொட்டவும் கூடாது. உப்பு கூடினால் மின்சுமைகளின் ஈர்ப்பு மறைந்து, நிஜமாகவே வரவேண்டிய மாற்றம்கூட வராமல் போகும்.

கேள்வி: ஹிஸ்டிடினுக்குத் தாமிரம் சேர்க்கச் சொல்கிறார்களே, ஏன்?

முதலில் தாமிர அயனி பாலிமரோடு ஒட்டி அதன் நிறத்தையோ ஒளிர்வையோ மாற்றும். ஹிஸ்டிடினின் இமிடசோல் வளையத்துக்குத் தாமிரம் என்றால் தனிப் பிடிப்பு, அதைப் பிடுங்கிக்கொள்ள பாலிமர் பழைய நிலைக்குத் திரும்பும். சிஸ்டீனும் தாமிரத்தை விடாது, அது கலந்திருந்தால் ஏமாந்துபோவீர்கள்.

கேள்வி: ஒரே அமினோ அமிலத்தின் எல், டி வடிவங்களை (ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமானவை) கண்ணால் பிரிக்கலாமா?

பாலிமருக்கே கைத்தன்மை (இடக்கை, வலக்கை போன்ற வேறுபாடு) இல்லையென்றால் இரண்டும் ஒரே நிறம்தான் தரும். இடப்பக்கமும் வலப்பக்கமும் சுழலும் ஒளியை எவ்வளவு வித்தியாசமாக உறிஞ்சுகிறது என்று அளக்கும் வட்ட இருநிறமைக் கருவியில் வைத்தால் ஒன்றின் வளைவு மேலே, மற்றதன் வளைவு கீழே.

கேள்வி: சிவந்ததை மறுபடி நீலமாக்க முடியுமா?

சாதாரணப் பாலிடைஅசெட்டிலீனில் பெரும்பாலும் முடியாது, ஒவ்வொரு சோதனைக்கும் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.