இருக்கை வாங்கியாகிவிட்டது, உட்கார விட்டீர்களா?

கேள்வி: எங்கள் துணிக்கடையில் சட்டப்படி இருக்கைகள் வாங்கிப் போட்டுவிட்டோம். ஆனால் வாடிக்கையாளர் வரும் இடத்தில் ஊழியர்கள் உட்கார்ந்திருந்தால் அது மரியாதையாக இருக்குமா? கூட்டம் இல்லாத நேரத்திலும் நின்றுகொண்டிருந்தால்தானே சுறுசுறுப்பு இருக்கும்?
– ஒரு கடை உரிமையாளர்

பதில்: இருக்கை வாங்கிப் போட்டது நல்ல காரியம். அதில் யாராவது உட்கார்ந்தார்களா என்பதை மட்டும் நீங்கள் எழுதவில்லை.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் சேர்க்கப்பட்ட 22-ஏ பிரிவு, இருக்கை போடச் சொன்னதோடு விட்டுவிடவில்லை. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது ஊழியர் உட்கார முடிய வேண்டும், வேலை நேரம் முழுக்கக் காலிலேயே நிற்கும்படி ஆகக் கூடாது என்று எதற்காக இருக்கை என்பதையும் சேர்த்தே சொல்கிறது. நீங்கள் சொல்கிற அந்தக் கூட்டம் இல்லாத நேரத்துக்காகத்தான் இந்தச் சட்டமே வந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1964-இல் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கொண்டுவந்த உடன்படிக்கையிலும் இதே கவனம் உண்டு: போதிய இருக்கை வேண்டும், அதைப் பயன்படுத்த நியாயமான வாய்ப்பும் வேண்டும்.

சுறுசுறுப்பு என்கிறீர்கள். மதியம் மூன்று மணிக்கு உங்கள் ஊழியர் ஒருவரைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். ஒரு காலில் பாரத்தைப் போட்டு, மறு காலை லேசாகத் தூக்கிக்கொள்வார். அப்புறம் கால் மாற்றுவார். அலமாரியில் முதுகைச் சாய்ப்பார். சூப்பர்வைசர் தலை தெரிந்ததும் சட்டென்று நிமிர்ந்து, மடித்து வைத்த துணியையே பிரித்து மறுபடி மடிப்பார். இதனால் உங்கள் வியாபாரம் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. அவருக்கோ கால் போய்க்கொண்டிருக்கிறது. கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்தால்தான் காலுக்கு இறங்கிய ரத்தம் சரியாக மேலே ஏறும். நடக்கும்போது அது தானாக நடக்கிறது. ஒரே இடத்தில் நின்றால் ரத்தம் கீழே தேங்குகிறது. சாயங்காலம் கணுக்காலை விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கும். வருஷக்கணக்கில் இது தொடர்ந்தால் காலில் ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டுகொள்ளலாம், இடுப்பு வலி நிரந்தரமாகலாம். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதும் கெடுதல்தான். மாற்றி மாற்றி நிற்கவும் உட்காரவும் முடிய வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறார்கள்.

சரி, மரியாதைக்கு வருகிறேன். டாக்டர் உட்கார்ந்துதான் நம்மைப் பார்க்கிறார். வங்கிக் காசாளர் உட்கார்ந்துதான் பணம் எண்ணித் தருகிறார். அவமானப்பட்டதாக நாம் நினைப்பதில்லை. குறைந்த சம்பளம் வாங்குபவர் உட்கார்ந்தால்தான் கண்ணை உறுத்துகிறது என்றால், அதற்குப் பெயர் மரியாதை இல்லை.

இங்கிலாந்தில் 1899-லேயே, மூன்று பெண் ஊழியர்களுக்கு ஓர் இருக்கையாவது கடையில் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-வது பிரிவு, நின்று வேலை செய்பவர்களுக்கு இருக்கை வசதி வேண்டும் என்றது. ஆலைத் தொழிலாளிக்கு அன்றே கிடைத்தது தமிழ்நாட்டுக் கடை ஊழியருக்கு வந்து சேர 73 ஆண்டுகள் ஆயின. அதுவும் சும்மா வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், தையல் தொழில் செய்த பி. விஜியோடு 'பெண்கூட்டு' என்று திரண்டு, முதலில் கழிப்பறைக்காகப் போராடினார்கள், பிறகு இருக்கைக்காக. கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது அப்படித்தான். தமிழ்நாடு அதன் பிறகு திருத்தியது.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. இருக்கைகள் ஓய்வறையிலோ மாடியிலோ கிடந்தால் எடுத்து வந்து ஊழியர் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். பில் போடுபவருக்கும் வாசலில் நிற்கும் காவலாளிக்கும் சேர்த்துப் போடுங்கள். பிறகு எல்லோரையும் கூப்பிட்டு, ஆள் இல்லாதபோது உட்காரலாம், யாரும் திட்ட மாட்டார்கள் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். சூப்பர்வைசரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.