வட ஜெர்மனியிலுள்ள லூபெக் நகரில் ஒரு நாள் மட்டும் கிடைத்தால் எந்த இடைக்காலச் சின்னங்களைப் பார்க்க வேண்டும்?

ரயில் நிலையத்திலிருந்து நடந்தே செல்லுங்கள். பத்து நிமிடத்தில் ஹோல்ஸ்டன் வாயில் எதிரே நிற்கும். 1464 முதல் 1478 வரை கட்டப்பட்ட இந்த இரட்டைக் கோபுரங்கள் சதுப்பு நிலத்தின் மீது எழுந்ததால், தம் சொந்தப் பாரத்தாலேயே மண்ணில் புதைந்து சாய்ந்திருக்கின்றன. 1863இல் இதை இடித்துவிடலாமா என்று நடந்த வாக்கெடுப்பில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில்தான் வாயில் தப்பியது.

அதிக நேரத்தை மரியன்னை தேவாலயத்துக்கு ஒதுக்குங்கள் என்பேன். கட்டடக் கல் அரிதான வட ஜெர்மானியச் சமவெளியில், ஹான்சா என்ற இடைக்கால வணிக நகரங்களின் கூட்டணியைச் சேர்ந்த வணிகர்கள் சுட்ட செங்கல்லைக் கொண்டே 38 மீட்டருக்கும் மேலான உயரத்தில் வளைகூரை அமைத்தார்கள் என்பதை, நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும்போதுதான் முழுமையாக உணர முடியும். 1942 மார்ச் மாதக் குண்டுவீச்சில் தீப்பற்றித் தென் கோபுரத்திலிருந்து விழுந்த மணிகள், விழுந்த இடத்திலேயே உடைந்து கிடக்கும்படி நினைவாக விடப்பட்டுள்ளன. அந்த இடத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள்.

அருகிலுள்ள புனித பேதுரு தேவாலயக் கோபுரத்தில் மின்தூக்கி உண்டு. மேலிருந்து பார்த்தால், நீர் சூழ்ந்த தீவாகப் பழைய நகரம் அமைந்திருப்பது தெளிவாகத் தெரியும்.

மாலையில் தூய ஆவி மருத்துவமனைக்குச் செல்லலாம். 1286இல் கட்டி முடிக்கப்பட்ட அது, ஏழைகளையும் முதியோரையும் பராமரிக்க வணிகர்கள் எழுப்பியது. நீண்ட கூடத்தில் முதியோர் வாழ்ந்த சிறிய மர அறைகள் இன்றும் இருக்கின்றன. திறப்பு நேரத்தை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.